பைத்தான் பிக்கிள்: ஆப்ஜெக்டை எழுதிவைப்பதும் மீட்டெடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தானில் ஓர் ஆப்ஜெக்டைக் கோப்பில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ள உதவுவது பிக்கிள் மாட்யூல். பிக்கிள் என்றால் ஊறுகாய். பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். எண், சரம், பட்டியல் போன்ற சாதாரணச் சரக்குக்கு எழுத டம்ப், மீட்க லோடு என்ற இரண்டு ஃபங்ஷன்களே போதும். நாமே எழுதிய கிளாஸ்கள் உள்ளே வந்ததும்தான் தலைவலி தொடங்குகிறது. இந்தப் பக்கம் அந்தத் தலைவலிக்கானது.

கீழே வரும் கெட்ஸ்டேட், செட்ஸ்டேட், ரெட்யூஸ், நியூ, இனிட் போன்ற மெத்தட்களின் பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் உண்டு. படிப்பதற்கு இடைஞ்சல் என்பதால் இங்கே விட்டுவிட்டேன். நிரலில் விட்டுவிடாதீர்கள்.

பிக்கிள் கோப்புக்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது?

கிளாஸின் முகவரியும், எழுதிய நேரத்தில் ஆப்ஜெக்ட் இருந்த நிலையும். முகவரி என்றால் மாட்யூலின் பெயரும் கிளாஸின் பெயரும். கிளாஸுக்குள் நீங்கள் எழுதிய மெத்தட்களில் ஒரு வரிகூடக் கோப்புக்குள் போவதில்லை. ஜாடியில் மாங்காய் இருக்கும், மாமரம் இருக்காது.

நம்பிக்கை வராவிட்டால் பிக்கிள்டூல்ஸ் மாட்யூலில் உள்ள டிஸ் ஃபங்ஷனிடம் கொடுத்துப் பாருங்கள். நூலகம் என்ற மாட்யூலில் உறுப்பினர் என்று ஒரு கிளாஸ், அதற்குப் பெயர், எண் என்று இரண்டு அட்ரிபியூட்கள் என வைத்துக்கொள்வோம். முதலில் 'நூலகம்', 'உறுப்பினர்' என்ற இரண்டு சரங்கள் தெரியும். அடுத்தது ஸ்டாக்-குளோபல்: அந்த மாட்யூலை இறக்குமதி செய்து கிளாஸைத் தேடிப் பிடி என்ற கட்டளை. பிறகு ஒரு காலி டூப்பிள், அதையடுத்து நியூஆப்ஜ்: கிளாஸின் நியூவை அழைத்து வெற்று ஆப்ஜெக்ட் ஒன்றை உண்டாக்கு. அப்புறம் ஒரு டிக்ஷனரி, அதில் பெயரும் எண்ணும். கடைசியாக பில்டு: டிக்ஷனரியில் இருப்பதை ஆப்ஜெக்டுக்குள் கொட்டு.

ஆக, பிக்கிள் கோப்பு என்பது ஒரு குட்டி நிரல். லோடு அதை வரிசையாக ஓட்டுகிறது. இது மனதில் பதிந்தால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

மீட்டெடுக்கும்போது இனிட் ஓடுமா?

ஓடாது. மேலே பார்த்த வரிசையில் இனிட்டுக்கு இடமே இல்லை. பலரும் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. புதிதாகச் சேரும் உறுப்பினருக்கு வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பும் வரி இனிட்டில் இருந்தால், ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் பழைய உறுப்பினர்கள் எல்லாருக்கும் வரவேற்பு போய்ச் சேரும். இனிட் என்பது பிறப்பு. லோடு செய்வது தூக்கத்திலிருந்து எழுப்புவது.

இதன் மறுபக்கமும் உண்டு: இனிட்டில் நீங்கள் வைத்த சரிபார்ப்புகளும் ஓடாது. வயது எதிர்மறையாக இருக்கக் கூடாது என்ற சோதனையைத் தாண்டி, கெட்ட தரவு உள்ளே வந்துவிடலாம்.

பூட்டைப் பிக்கிள் செய்ய முடியாது என்று டைப்எரர் வருகிறது. நான் எந்தப் பூட்டையும் எழுதச் சொல்லவில்லையே?

ஆப்ஜெக்டுக்குள் எங்கோ ஒரு த்ரெட் பூட்டு (இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஒன்றைத் தொடாமல் தடுப்பது) இருக்கிறது. திறந்த கோப்பு, சாக்கெட், தரவுத்தள இணைப்பு, ஜெனரேட்டர் எல்லாம் இதே சாதி. ஓடிக்கொண்டிருக்கும் செயலியோடு (பிராசஸ்) ஒட்டிப் பிறந்தவை அவை. எழுதிவைத்து நாளைக்கு எடுத்தாலும் மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இதற்குத்தான் கெட்ஸ்டேட். பிக்கிள் உங்கள் ஆப்ஜெக்டை எழுதப் போகும்போது அதை அழைத்து, "உன் நிலை என்ன?" என்று கேட்கும். நீங்கள் எதைத் திருப்பிக் கொடுக்கிறீர்களோ அதுவே கோப்புக்குள் போகும். உள்ளே மூன்றே வரிகள்: ஆப்ஜெக்டின் டிக்டை (அட்ரிபியூட்கள் எல்லாம் இருக்கும் டிக்ஷனரி) நகலெடு, நகலிலிருந்து பூட்டை நீக்கு, நகலைத் திருப்பிக் கொடு. எதிர்த்திசையில் செட்ஸ்டேட்: வந்த நிலையை டிக்டில் சேர், புதிய பூட்டு ஒன்றை உண்டாக்கு.

முதல் வரியில் இருக்கும் 'நகலெடு' என்ற சொல்லை நான் ஒருமுறை விழுங்கிவிட்டேன். டிக்டிலிருந்தே பூட்டை நீக்கினேன். சோதனை எல்லாம் தேறியது: எழுதினேன், மீட்டேன், மீண்டு வந்த ஆப்ஜெக்டில் பளபளவென்று புதிய பூட்டு இருந்தது. மூல ஆப்ஜெக்டை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சர்வரில் அவ்வப்போது நிலையை எழுதிவைக்கும் வேலை முதல்முறை ஓடியதும், உயிரோடு இருந்த ஆப்ஜெக்டின் பூட்டு காணாமல்போனது. அடுத்த கோரிக்கையில் அட்ரிபியூட்எரர். பூட்டை நீக்கும் வரி எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். 'கெட்' என்று தொடங்கும் மெத்தட் எதையாவது அழிக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

கெட்ஸ்டேட் எழுதினால் செட்ஸ்டேட்டும் எழுதியே ஆகவேண்டுமா?

கெட்ஸ்டேட் கொடுப்பது டிக்ஷனரி என்றால் கட்டாயமில்லை. செட்ஸ்டேட் இல்லாதபோது பிக்கிள் அந்த டிக்ஷனரியை நேராக ஆப்ஜெக்டின் டிக்டில் சேர்த்துவிடும். டூப்பிள், எண், சரம் என்று வேறு வடிவத்தில் கொடுத்தால் செட்ஸ்டேட் வேண்டும்.

ஒரு பொறி உண்டு. நிலை நன் ('ஒன்றுமில்லை' என்பதற்குப் பைத்தானின் மதிப்பு) என்று போனால் செட்ஸ்டேட் அழைக்கப்படவே படாது. அட்ரிபியூட் ஒன்றுகூட இல்லாத ஆப்ஜெக்டுக்குப் பைத்தானே தரும் நிலை நன்தான். பூட்டைப் புதுப்பிக்கும் வேலையை செட்ஸ்டேட்டில் வைத்திருந்தால் அன்றைக்குப் பூட்டு கிடைக்காது. சொல்ல ஒன்றுமில்லை என்றால் காலி டிக்ஷனரியையாவது கொடுங்கள்.

கோப்பு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

பெரும்பாலும் கேச்டு-பிராப்பர்ட்டி செய்த வேலை. ஒருமுறை கணக்கிட்ட விடையை அது ஆப்ஜெக்டின் டிக்டிலேயே வைத்துக்கொள்கிறது. அது நிலையோடு சேர்ந்து கோப்புக்கும் போய்விடுகிறது. யாரோ ஒருவர் எழுதுவதற்கு முன் அந்த விடையைக் கேட்டிருந்தால் கோப்பு பருத்திருக்கும், கேட்காவிட்டால் மெலிந்திருக்கும். மறுபடி கணக்கிட்டுக்கொள்ளக்கூடியதைக் கெட்ஸ்டேட்டில் கழித்துவிடுங்கள். கோப்பின் அளவு குறைவது ஒருபுறம் இருக்கட்டும். கணக்கிடும் முறையை நீங்கள் திருத்திய பிறகும் பழைய கோப்பு பழைய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும் ஆபத்து அதைவிடப் பெரிது.

தாய் கிளாஸ் ஒன்றிலிருந்து பிறந்த கிளாஸில் கெட்ஸ்டேட் எழுதுகிறேன். தாயின் கெட்ஸ்டேட்டை அழைக்கலாமா?

2022இல் வந்த பைத்தான் 3.11இலிருந்து தயங்காமல் அழைக்கலாம். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் மூலமான ஆப்ஜெக்ட் கிளாஸில் கெட்ஸ்டேட் இருந்ததில்லை. சூப்பர் வழியாக அழைத்தால் அட்ரிபியூட்எரர் வரும். இப்போது இருக்கிறது. ஆனால் அது தருவது ஆப்ஜெக்டின் டிக்டையேதான், நகலை அல்ல. மேலே சொன்ன என் கதை உங்களுக்கும் நேரும். வாங்கியதும் நகலெடுங்கள்.

ஸ்லாட்ஸ் (அட்ரிபியூட்களின் பெயர்களை முன்கூட்டியே சொல்லிவிடும் பட்டியல்) வைத்த கிளாஸ்?

நெறிமுறை (பிக்கிள் எழுதும் வடிவத்தின் பதிப்பு) எண் 2உம் அதற்கு மேலும் என்றால் தானாகவே வேலை செய்யும். அப்போது நிலை என்பது இரண்டு உறுப்புள்ள டூப்பிள்: முதலாவது டிக்ட் (இல்லாவிட்டால் நன்), இரண்டாவது ஸ்லாட்களின் டிக்ஷனரி. சொந்தமாக செட்ஸ்டேட் எழுதுகிறவர்கள் இதை மறந்துவிட்டு டூப்பிளை டிக்ஷனரிபோல் பாவித்து அடிவாங்குவது வழக்கம்.

உறைந்த டேட்டாகிளாஸில் செட்ஸ்டேட் எழுதினால், மதிப்பை மாற்ற முடியாது என்று பிழை வருகிறதே?

உறைந்த டேட்டாகிளாஸ் சாதாரண ஒப்படைப்பை மறுத்துவிடும், செட்ஸ்டேட்டுக்குள்ளிருந்து வந்தாலும் சரி. செல்ஃப்பின் டிக்டை நேராகப் புதுப்பியுங்கள். அல்லது ஆப்ஜெக்ட் கிளாஸின் செட்-அட்ரை அழையுங்கள். உறைந்ததும் ஸ்லாட்ஸ் உள்ளதுமான டேட்டாகிளாஸ் என்றால் பைத்தானே இரண்டு மெத்தட்களையும் எழுதிக் கொடுத்துவிடும், நீங்கள் கைவைக்க வேண்டாம்.

என் கிளாஸின் நியூ கட்டாயமாக ஆர்க்யூமென்ட் கேட்கிறது. லோடு செய்யும்போது வெடிக்கிறது.

நியூஆப்ஜ் கட்டளைக்கு முன் ஒரு காலி டூப்பிள் போனது நினைவிருக்கிறதா? அதை நிரப்பும் வழிதான் கெட்நியூஆர்க்ஸ். அதிலிருந்து ஒரு டூப்பிளைத் திருப்பிக் கொடுத்தால் நியூவுக்கு அந்த ஆர்க்யூமென்ட்கள் போய்ச் சேரும். பெயரிட்ட ஆர்க்யூமென்ட்களும் வேண்டுமென்றால் கெட்நியூஆர்க்ஸ்-எக்ஸ். டூப்பிள், சரம், எண் ஆகியவற்றிலிருந்து கிளை பிரித்து, நியூவின் ஆர்க்யூமென்ட்களையும் மாற்றி எழுதுகிறவர்களுக்கு இது அவசியம். மாறாத ஆப்ஜெக்டுக்குள் பிற்பாடு எதையும் கொட்ட முடியாது, பிறக்கும்போதே கொடுத்தாக வேண்டும்.

ரெட்யூஸ் எப்போது தேவை?

கெட்ஸ்டேட்டும் கெட்நியூஆர்க்ஸும் கைவிட்ட பிறகு. கெட்ஸ்டேட் "என்ன எழுதுவது" என்பதை மட்டும் மாற்றுகிறது. ரெட்யூஸ் "எப்படித் திரும்ப உண்டாக்குவது" என்பதையே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. எளிய வடிவம் இரண்டு உறுப்புள்ள டூப்பிள்: அழைக்கவேண்டிய ஒன்று, அதற்கான ஆர்க்யூமென்ட்கள். லோடு அதை அழைக்கும். என்ன திரும்புகிறதோ அதுதான் மீண்ட ஆப்ஜெக்ட்.

பைத்தானிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கம்பைல் செய்த ஆப்ஜெக்டை எழுதினால், கம்பைல் செய்த வடிவம் கோப்புக்குப் போவதில்லை. மூல வாய்பாடும் அதன் கொடிகளும் (ஃபிளாக்) மட்டுமே போகின்றன. மீட்கும்போது மறுபடி கம்பைல் ஆகிறது. உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் பழைய கோப்பு கெடாது. செய்முறையை எழுதிவைத்தால் போதும், சமைத்ததை மூட்டை கட்ட வேண்டாம். சொந்தக் கிளாஸுக்கும் முதலில் இந்த வழி சரிப்படுமா என்று யோசியுங்கள்.

டூப்பிளில் ஆறு உறுப்புகள் வரை போகலாம். மூன்றாவது, செட்ஸ்டேட்டுக்கான நிலை. நான்காவது, ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டிய பட்டியல் உறுப்புகளுக்கான இட்டரேட்டர். ஐந்தாவது, சாவி–மதிப்பு இணைகளுக்கான இட்டரேட்டர். ஆறாவது, செட்ஸ்டேட்டுக்குப் பதிலாக நிலையை ஏற்றும் ஃபங்ஷன், இது 3.8இல் வந்தது.

நான்கும் ஐந்தும் மூன்றாவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிக்ஷனரியிலிருந்து கிளை பிரித்து, செட்-ஐட்டம் மெத்தடை மாற்றி எழுதி, அதற்குள் செல்ஃப்பின் ஏதாவதொரு அட்ரிபியூட்டைத் தொட்டால், லோடு செய்யும்போது அந்த அட்ரிபியூட் இன்னும் வந்திருக்காது. பிழைச் செய்தி எங்கோ உட்பகுதியைக் காட்டும். காரணம் இந்த வரிசைதான்.

டூப்பிளுக்குப் பதில் ரெட்யூஸ் ஒரு சரத்தைத் திருப்பினால் அது மாட்யூலில் உள்ள பெயர் என்று எடுத்துக்கொள்ளப்படும். நிரல் முழுவதும் ஒன்றே ஒன்று இருக்கவேண்டிய ஆப்ஜெக்டுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

நான் எழுதிய எக்ஸெப்ஷன் மட்டும் மீட்கும்போது உடைகிறது. ஏன்?

பார்த்தவுடன் புரியாத பிழைகளில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது இது. இருப்புப்பிழை என்று ஓர் எக்ஸெப்ஷன். அதன் இனிட் கணக்கு எண், தொகை என்று இரண்டு ஆர்க்யூமென்ட்களைக் கேட்கிறது. உள்ளே சூப்பரின் இனிட்டுக்கு "இருப்பு போதவில்லை" என்ற ஒரே சரத்தை அனுப்புகிறீர்கள். எக்ஸெப்ஷன்களுக்கென்று பைத்தான் சொந்தமாக ஒரு ரெட்யூஸ் வைத்திருக்கிறது: கிளாஸை ஆர்க்ஸ் அட்ரிபியூட்டில் உள்ளதைக் கொண்டு அழை. ஆர்க்ஸில் இருப்பது ஒரே ஒரு சரம். இனிட்டோ இரண்டு கேட்கிறது. உடனே டைப்எரர். (ஆமாம், இங்கே இனிட் ஓடுகிறது. கிளாஸையே அழைப்பதால்.)

வேலையைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மல்டிபிராசஸிங்கில் இது இன்னும் கொடுமை. வேலைக்காரச் செயலியில் எழுந்த எக்ஸெப்ஷன் பிக்கிள் ஆகித்தான் தாய்ச் செயலிக்கு வருகிறது. பிரிக்கும் இடத்தில் வெடித்தால், பூல் (வேலைக்காரச் செயலிகளின் கூட்டம்) விடைக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். நிரல் தொங்குகிறதா, வேலை நீளமா என்றே தெரியாது.

திருத்தம் இரண்டு வகை. சூப்பரின் இனிட்டுக்கு அந்த இரண்டு ஆர்க்யூமென்ட்களையும் அப்படியே அனுப்பிவிட்டு, செய்தியை எஸ்டிஆர் மெத்தடில் அமைப்பது ஒன்று. ரெட்யூஸ் எழுதி, கிளாஸையும் கணக்கு எண், தொகை கொண்ட டூப்பிளையும் திருப்புவது மற்றொன்று. முதலாவது எனக்குப் பிடிக்கும், நிரல் குறைவு. எதைச் செய்தாலும் டிரேஸ்பேக் கோப்பில் சேராது. வேண்டுமென்றால் அதைச் சரமாக்கி நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளாஸ் என்னுடையது அல்ல, அடுத்தவர் நூலகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து மாற்ற முடியுமா?

முடியும். காப்பிரெக் மாட்யூலின் பிக்கிள் ஃபங்ஷனில், இந்தக் கிளாஸுக்கு இந்த ரெட்யூஸ் என்று பதிவு செய்யலாம். ஆனால் அது செயலி முழுவதற்கும் பொருந்தும். அடுத்த அறையில் இருப்பவர் எழுதும் கோப்பையும் மாற்றிவிடும். ஒரு பிக்லருக்கு (எழுதும் வேலையைச் செய்யும் ஆப்ஜெக்ட்) மட்டும் வேண்டுமென்றால் அதற்கென்று டிஸ்பாட்ச்-டேபிள் அமைக்கலாம், 3.3இலிருந்து இருக்கிறது. 3.8இல் ரெட்யூசர்-ஓவர்ரைடு வந்தது: பிக்லரிலிருந்து கிளை பிரித்து அதை எழுதினால், ஃபங்ஷன்கள், கிளாஸ்கள் உட்பட எதையும் உங்கள் விருப்பப்படி எழுதலாம். தலையிட வேண்டாத ஆப்ஜெக்ட் வந்தால் நாட்-இம்ப்ளிமென்டட் என்று திருப்பிவிட வேண்டும்.

ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட்கள் ஒரே தரவுத்தள வரிசையைச் சுட்டுகின்றன. அதையும் எழுதவேண்டுமா?

ஒரே டம்ப்புக்குள் ஓர் ஆப்ஜெக்ட் எத்தனை முறை வந்தாலும் பிக்கிள் ஒருமுறைதான் எழுதும். மற்ற இடங்களில் "முன்பு எழுதினேனே, அதுதான்" என்று குறிப்பிடும். வெளியே தரவுத்தளத்தில் வாழ்வதைக் கோப்பில் வைக்கவே வேண்டாம் என்றால் பெர்சிஸ்டென்ட்-ஐடி இருக்கிறது. பிக்லரின் கிளை கிளாஸில் அதை எழுதி, அந்த வகை ஆப்ஜெக்ட் வந்தால் அதன் அடையாள எண்ணையும் மற்றவற்றுக்கு நன்னையும் திருப்புங்கள். மீட்கும் வேலையைச் செய்யும் அன்பிக்லரின் பக்கம் பெர்சிஸ்டென்ட்-லோடு அந்த எண்ணை வைத்துத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

ஒன்றையொன்று சுட்டும் இரண்டு ஆப்ஜெக்ட்கள் பட்டியலில் இருந்தால் சரியாக மீள்கின்றன, செட்டில் வைத்தால் அட்ரிபியூட்எரர் வருகிறது. ஏன்?

நல்ல கேள்வி. அ, ஆ என்று இரு நண்பர்கள். அ-வின் நண்பர்கள் செட்டில் ஆ; ஆ-வின் செட்டில் அ. பெயரைக் கொண்டு ஹாஷ் (செட்டுக்குள் இடம் தேட உதவும் எண்) கணக்கிடுகிறீர்கள். மீட்கும்போது முதலில் வெற்று அ பிறக்கிறது. அதன் நிலையைத் தயாரிக்க ஆ வேண்டும். ஆ-வின் நிலையைத் தயாரிக்க, அ-வை ஒரு செட்டுக்குள் போடவேண்டும். செட்டுக்குள் போட ஹாஷ் வேண்டும், ஹாஷுக்குப் பெயர் வேண்டும், அ-வுக்கோ இன்னும் பெயர் வரவில்லை. பட்டியலுக்கு ஹாஷ் தேவையில்லை என்பதால் அங்கே இந்தக் கண்ணி விழுவதில்லை. டிக்ஷனரியின் சாவியாக வைத்தாலும் இதே கதிதான்.

ஹாஷுக்குத் தேவையான அட்ரிபியூட்டை நியூவிலேயே ஏற்றி, கெட்நியூஆர்க்ஸ் வழியாகக் கொடுத்துவிடுங்கள். பெயரோடு பிறந்த குழந்தைக்கு இந்தச் சிக்கல் வராது.

உள்ளே இன்னோர் ஆப்ஜெக்டை வைத்துக்கொண்டு எல்லா அழைப்பையும் அதற்குத் தள்ளிவிடும் கிளாஸ் எழுதினேன். லோடு செய்தால் ரிகர்ஷன்எரர்.

கெட்-அட்ர் (இல்லாத அட்ரிபியூட்டைக் கேட்டால் பைத்தான் அழைக்கும் மெத்தட்) எழுதியிருப்பீர்கள். வெற்று ஆப்ஜெக்ட் பிறந்ததும் பிக்கிள் அதனிடம் செட்ஸ்டேட் இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லாததால் கெட்-அட்ருக்கு வருகிறது. கெட்-அட்ர் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டைத் தேடுகிறது. அது இன்னும் வரவில்லை, ஆகவே மறுபடி கெட்-அட்ர். இப்படியே கிணற்றுக்குள் கிணறு. உள் ஆப்ஜெக்டின் பெயரோ, இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் பெயரோ வந்தால் உடனே அட்ரிபியூட்எரர் எழுப்புங்கள், தீர்ந்தது.

லாம்டாவை ஏன் எழுத முடிவதில்லை?

ஃபங்ஷனையும் கிளாஸையும் பிக்கிள் பெயரால்தான் எழுதுகிறது. லாம்டா பெயரில்லாத ஃபங்ஷன், அதற்கு முகவரி இல்லை. இன்னொரு ஃபங்ஷனுக்குள் எழுதிய ஃபங்ஷனுக்கும் அப்படியே. லாம்டாவைக் கொண்ட டிஃபால்ட்-டிக்ட்தான் இதில் அதிகம் மாட்டுகிறது. மாட்யூல் மட்டத்தில் பெயருள்ள ஃபங்ஷன் ஒன்றைக் கொடுங்கள்.

கிளாஸை மாற்றிவிட்டேன். பழைய கோப்புகள் என்னாகும்?

புதிதாக ஓர் அட்ரிபியூட் சேர்த்திருந்தால் லோடு அமைதியாக முடியும். எங்கோ பிற்பாடு அந்த அட்ரிபியூட்டைத் தொடும்போதுதான் உடையும். ஆகவே முதல் நாளே நிலைக்குள் பதிப்பு எண் ஒன்றை வையுங்கள். செட்ஸ்டேட்டில் அந்த எண்ணைப் பார்த்து, 1 என்றால் 2 ஆக்கு, 2 என்றால் 3 ஆக்கு என்று படிப்படியாக ஏற்றுங்கள். எண்ணே இல்லாமல் வரும் கோப்பை 0 என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளாஸை வேறு மாட்யூலுக்கு மாற்றினால் முகவரி தவறிவிடும். பழைய இடத்தில் புதிய கிளாஸைச் சுட்டும் ஒரு பெயரை விட்டுவைப்பது எளிய வழி. பழைய மாட்யூலையே நீக்கிவிட்டீர்கள் என்றால், அன்பிக்லரிலிருந்து கிளை பிரித்து ஃபைண்ட்-கிளாஸ் மெத்தடில் பழைய பெயர் வந்தால் புதியதைக் கொடுக்கலாம்.

நேரடியாக ஓட்டும் நிரலுக்குள்ளேயோ நோட்புக்கிலோ எழுதிய கிளாஸை ஒருபோதும் கோப்பில் எழுதாதீர்கள். அதன் மாட்யூல் பெயர் 'மெயின்' என்று பதிவாகும். ஒரு நிறுவனத்தில், வேலையை விட்டுப் போனவரின் நோட்புக்கிலிருந்து வந்த கோப்பைத் திறக்கச் சொன்னார்கள். முகவரி 'மெயின்'. எவருடைய மெயின்? நோட்புக் யாரிடமும் இல்லை. டிஸ் ஃபங்ஷனின் வெளியீட்டைப் பார்த்து, அட்ரிபியூட்களின் பெயர்களை ஊகித்து, அதே பெயரில் வெற்றுக் கிளாஸ் ஒன்றைக் கட்டித்தான் தரவை மீட்க முடிந்தது. மெத்தட்கள் போனது போனதுதான்.

கெட்ஸ்டேட் எழுதியது காப்பி மாட்யூலையும் பாதிக்குமா?

பாதிக்கும். காப்பியும் டீப்காப்பியும் இதே மெத்தட்களைத்தான் அழைக்கின்றன. கோப்புக்கு ஒரு விதம், நகலுக்கு வேறு விதம் வேண்டுமென்றால் காப்பி, டீப்காப்பி என்ற இரட்டை அடிக்கோட்டு மெத்தட்களைத் தனியாக எழுதுங்கள்.

லினக்ஸில் ஓடிய மல்டிபிராசஸிங் நிரல் விண்டோஸில் பிக்கிள் பிழை தருகிறது.

விண்டோஸில் புதுச் செயலி வெறுங்கையோடு பிறக்கிறது, கொடுப்பதெல்லாம் பிக்கிள் வழியாகத்தான் போகவேண்டும். லினக்ஸில் நெடுங்காலம் ஃபோர்க் இயல்பு முறையாக இருந்தது. தாயின் நினைவகம் அப்படியே பிள்ளைக்குக் கிடைத்ததால் பிழை மறைந்திருந்தது. மேக்கில் 3.8இலும், லினக்ஸில் 3.14இலும் இயல்பு முறை மாறிவிட்டது. ஆகவே இனி எல்லா இடத்திலும் அதே பிழைதான்.

யாரோ அனுப்பிய பிக்கிள் கோப்பைத் திறக்கலாமா?

கூடாது. லோடு நிரலை ஓட்டுகிறது என்று முதலிலேயே சொன்னேன். ரெட்யூஸ் எந்த ஃபங்ஷனை அழைக்கச் சொன்னாலும் அழைக்கப்படும். ஓஎஸ் மாட்யூலின் சிஸ்டம் ஃபங்ஷன், அதற்கு ஆர்க்யூமென்டாக உங்கள் வட்டை அழிக்கும் கட்டளை என்று ஒருவர் எழுதி அனுப்பினால், திறந்த கணமே அது ஓடும். அனுப்பியவரின் கிளாஸ் உங்கள் கணினியில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

இயந்திரக் கற்றல் மாதிரிகள் பிக்கிளாகவே கைமாறிக்கொண்டிருந்ததால் இது கற்பனைப் பயம் அல்ல. எண் அணிகளுக்கான நம்பை நூலகம் 1.16.3இலிருந்து, சொல்லாதவரை பிக்கிளைத் திறப்பதில்லை. இயந்திரக் கற்றல் நூலகமான பைடார்ச்சில் 2.6இலிருந்து எடைகளை (மாதிரி கற்றுக்கொண்ட எண்கள்) மட்டும் ஏற்றுவதே இயல்பு. ஃபைண்ட்-கிளாஸில் அனுமதிப் பட்டியல் வைத்து ஓரளவு தடுக்கலாம். நீங்களே எழுதிய கோப்புக்கு எச்மேக் (ரகசியச் சாவி கொண்டு இடும்) கையொப்பம் இட்டு, திறக்கும் முன் சரிபார்க்கலாம். அந்நியர் தரும் தரவுக்கு ஜேசன் போதும், அதில் ஓட்டுவதற்கு எதுவும் இல்லை.

எந்த நெறிமுறை எண்ணைக் கொடுப்பது?

ஒன்றும் கொடுக்காதீர்கள். இயல்பு எண் 3.8இலிருந்து 4, 3.14இலிருந்து 5. படிக்கும்போது பைத்தானே கண்டுகொள்ளும். மிகப் பெரிய அணிகளை நகலெடுக்காமல் செயலிகளுக்கிடையே அனுப்பவேண்டும் என்றால் 5ஐக் கேளுங்கள்.

கிளாஸுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பிக்கிள் ஏற்குமா?

ஏற்கும். பைத்தான் 3இலிருந்து கிளாஸ், அட்ரிபியூட் பெயர்கள் தமிழில் இருக்கலாம். மேலே சொன்ன உறுப்பினர் அப்படிப்பட்டதே. நெறிமுறை 3உம் அதற்கு மேலும் யூடிஎஃப்-8இல் எழுதிவிடும். 0, 1, 2 ஆகியவற்றில் கிளாஸின் பெயர் ஆஸ்கி எழுத்துகளில் இல்லாவிட்டால் பிக்லிங்எரர்.

ஜாவாவிலிருந்து வருகிறேன். எதற்கு எது?

டிரான்சியன்ட் என்று குறிப்பதற்குப் பதில், கெட்ஸ்டேட்டில் கழித்துவிடுவது. ரீட்-ஆப்ஜெக்டுக்கு செட்ஸ்டேட். ரீட்-ரிசால்வ் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ரெட்யூஸ் செய்யும். சீரியல்-வெர்ஷன்-யுஐடிக்கு ஈடாகப் பைத்தானில் ஒன்றுமில்லை, பதிப்பு எண்ணை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

எழுதிய செயலியிலேயே மீட்டுப் பார்ப்பது பாதிச் சோதனைதான். வேறொரு செயலியைத் தொடங்கி அதில் மீட்டுப் பாருங்கள். எழுதி முடித்த பிறகு மூல ஆப்ஜெக்ட் முன்போலவே இருக்கிறதா என்று ஒரு வரி சேருங்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அன்றைய நிரல் எழுதிய கோப்பு ஒன்றைச் சோதனை அடைவில் போட்டுவைத்து, இன்றைய நிரல் அவை எல்லாவற்றையும் திறக்கிறதா என்று பாருங்கள். என் திட்டங்களில் அந்த அடைவுக்கு 'ஜாடி' என்று பெயர்.